நாவல் பாதியில் நிற்கிறதா? அறிகுறியைப் பிடித்துக் கோளாறைத் தேடும் வழி

“ஊக்கமே போய்விட்டது, இரண்டு மாதமாக நாவலைத் தொடவில்லை” என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எந்தக் காட்சியில் போனது? அதற்கு முந்தைய வாரம் எப்படி எழுதினீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. வண்டி ஓடவில்லை என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் எதைக் கழற்றுவார்? ஸ்டார்ட்டே ஆகவில்லையா, ஆகி உடனே அணைகிறதா, மேட்டில் மட்டும் இழுக்க மறுக்கிறதா என்று கேட்ட பிறகுதான் கை வைப்பார்.

நாவலின் முதல் வரைவும் அப்படித்தான். மேசைப் பக்கமே போக முடியாதவரும், தினமும் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தையே திருத்திக்கொண்டிருப்பவரும், எழுபது பக்கம் தாண்டி வழி தெரியாமல் நிற்பவரும் “எழுத்து வரவில்லை” என்று ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். மூவருக்கும் கோளாறு வேறு. நான் பார்த்தவரையில் அது பெரும்பாலும் கதையில் இருக்கும், அல்லது நாம் வைத்திருக்கும் அளவுகோலில் இருக்கும், அல்லது நாளை அமைத்துக்கொண்ட விதத்தில் இருக்கும். சோம்பேறி என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வதால் இந்த மூன்றில் எதுவும் சரியாகாது.

கீழே உங்கள் அறிகுறியைத் தேடி நேராக அங்கே போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவை எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன.

எதையும் சரிபார்க்கும் முன்: ஒரு நோட்டு

காகித நோட்டோ எக்செல் ஷீட்டோ, எது கைக்கு வருமோ அது. ஒவ்வொரு நாளும் ஐந்து விஷயங்கள்: தேதி, உட்கார்ந்த நேரம், புதிதாக எழுதிய சொற்கள், எந்தக் காட்சி, எழுந்திருக்கும்போது ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பில் இன்று எப்படிப் போனது என்பதும், நாளை எங்கே தொடங்குவது என்பதும் இருக்க வேண்டும். “அக்கா, தம்பி சண்டை. நன்றாக வந்தது. நாளை: தம்பி சாவியைத் திருப்பித் தராமல் போகிறான்.” இவ்வளவு போதும்.

எழுதாத நாளுக்கும் தேதி போடுங்கள். பக்கத்தில் காரணத்தை ஓரிரு சொல்லில் எழுதுங்கள்: காய்ச்சல், ஆபீஸ் வேலை, பிடிக்கவில்லை. இந்த ‘பிடிக்கவில்லை’ எந்தக் காட்சியின் பக்கத்தில் வந்து விழுகிறது என்பதுதான் பின்னால் நமக்குக் கிடைக்கப்போகும் துப்பு.

வெட்டிய சொற்களுக்குத் தனிக் கட்டம் வேண்டும். கூட்டிக் கழித்து ஒரே எண்ணாக எழுதினால், தேறாத காட்சி ஒன்றைத் துணிந்து தூக்கிய நாள் ‘மைனஸ் 800’ என்று நிற்கும். அன்று செய்தது நல்ல வேலை. நோட்டு அதைத் தோல்வி என்று சொல்லக் கூடாது.

19ஆம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ரோலோப், தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். ஒவ்வொரு நாவலுக்கும் வாரக் கணக்கில் கட்டம் போட்டு ஒரு டைரி வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு 1883இல் வெளிவந்த சுயசரிதையில் அந்தக் கணக்கைச் சொல்கிறார்: வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம், மிகக் குறைந்தது 20, மிக அதிகம் 112. பக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், தன் பக்கத்துக்கு 250 சொல் என்று வரையறுத்துக்கொண்டார். அவருடைய வேகத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, எதை எண்ணுகிறோம் என்பதை அவர் முன்கூட்டியே தெளிவாக்கிக்கொண்டதையும், 20க்கும் 112க்கும் நடுவே இலக்கை மாற்றிக்கொள்ளத் தயங்காததையும்தான்.

நாவல் ஏற்கெனவே நின்றுவிட்டது, நோட்டும் இல்லை என்றால்? கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். எந்தெந்தத் தேதியில் எந்தப் பகுதி எழுதப்பட்டது என்று ஓரளவு தெரியும். அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல் வைத்திருப்பவர்கள், ஃபைல் கடைசியாக மாற்றப்பட்ட தேதிகளை வரிசையாக எழுதிப் பார்க்கலாம். இடைவெளி எங்கே விழத் தொடங்கியது என்பது அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: உட்காரவே மனம் வரவில்லை

முதலில் நோட்டின் கடைசிக் குறிப்பைப் பாருங்கள். போன தடவை எங்கே நிறுத்தினீர்கள்? அத்தியாயத்தை முடித்து, ஒரு பெருமூச்சு விட்டு எழுந்திருந்தால் கோளாறு அங்கேதான். மறுநாள் உங்களுக்காகக் காத்திருப்பது ஒரு வெற்றுப் பக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே 1958இல் வெளியான ஒரு நேர்காணலில் தன் முறையைச் சொல்லியிருக்கிறார்: இன்னும் தெம்பு இருக்கும்போதே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவது. கேட்க எளிமையாக இருக்கும். செய்யும்போது கை நிற்காது, ஏனென்றால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் நிறுத்த வேண்டும். அத்தியாயத்தின் கடைசி இரண்டு பத்தியை நாளைக்கு என்று வைத்துவிட்டு எழுந்திருங்கள். வாக்கியத்தையே பாதியில் விட்டாலும் சரி. நாளைய வேலை அந்த வாக்கியத்தை முடிப்பதில் தொடங்கும். அதற்கு ஊக்கம் எதுவும் தேவைப்படாது.

நிறுத்திய இடம் சரிதான், அப்படியும் உட்கார முடியவில்லை என்றால் நேரத்தைப் பாருங்கள். “இன்று எப்படியாவது எழுத வேண்டும்” என்பது திட்டம் ஆகாது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் இதை விரிவாக ஆராய்ந்தார். வெறும் விருப்பத்தைவிட “இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்” என்று இடமும் நேரமும் சேர்த்து முடிவெடுத்தால் செய்து முடிப்பது கூடுகிறது என்பது அவர் கண்டது. “இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவியதும், அறைக்குப் போய் 40 நிமிடம்” என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கடிகாரத்தைவிட, தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு முடிச்சுப் போடுவது நிலைக்கும்.

இடம், நேரம் இரண்டும் சரியாக இருந்தும் கால் நகரவில்லையா? அடுத்த காட்சி எது என்று பாருங்கள். ஒரு மரணமாக இருக்கலாம். உங்கள் வாழ்க்கையில் நடந்ததற்கு மிக நெருக்கமான ஒன்றாக இருக்கலாம். அப்படியானால் இது பயம், அதற்கு மரியாதை கொடுங்கள். அந்தக் காட்சியைப் பத்து வரியில் சுருக்கமாக எழுதிவைத்து அடுத்ததற்குப் போங்கள். முழுதாக எழுதும் நாளை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.

அறிகுறி: தினமும் எழுதுகிறேன், ஆனால் முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை

நோட்டில் நேரம் நிறைய இருக்கும், புதுச் சொல் இருக்காது, ‘எந்தக் காட்சி’ என்ற கட்டத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். உழைப்பு உண்மையானது, அதனால்தான் இந்தக் கோளாறு வெளியே தெரியாது.

காரணம் எளிது. முதல் அத்தியாயம் எப்படி இருக்க வேண்டும் என்பது கடைசி அத்தியாயம் எழுதிய பிறகுதான் தெரியும். யார் முக்கியம், எந்த வாக்கியத்தில் எதை ஒளித்துவைக்க வேண்டும் என்று தெரியாமலே மெருகேற்றிக்கொண்டிருக்கிறோம்.

நோட்டின் பின்பக்கத்தில் ஒரு ‘திருத்தப் பட்டியல்’ தொடங்குங்கள். தோன்றும் மாற்றம் எல்லாம் அங்கே போகட்டும்: “2ஆம் காட்சியில் மாமா ஏற்கெனவே செத்துவிட்டார்”, “வீட்டில் மாடி வேண்டாம்”. எழுதியாயிற்றா? இனி அந்த மாற்றத்தை ஏற்கெனவே செய்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு, நிற்கும் இடத்திலிருந்து முன்னே எழுதுங்கள். முன்பகுதியும் பின்பகுதியும் பொருந்தாமல் கிடக்கும். இரண்டாவது வரைவு இருப்பதே அதைப் பொருத்தத்தான்.

திருத்தாமல் இருக்கவே முடியாதவர்களுக்கு ஒரு சலுகை: நேற்று எழுதியதை மட்டும், பத்து நிமிடம், எழுத்துக்குள் மறுபடி இறங்குவதற்காகத் திருத்தலாம். அதற்கு முந்தையதை இந்த வரைவு முடியும்வரை திறக்காதீர்கள்.

அறிகுறி: நடுவில் நின்றுவிட்டது

அதிகம் பேர் நாவலைக் கைவிடுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் கதையின் புதுமையே நம்மை இழுத்துக்கொண்டு போகும். முடிவு தெரியத் தொடங்கிவிட்டால் அது இழுக்கும். நடுவில் இந்த இரண்டும் இல்லை. அங்கே உங்களை இழுக்க வேண்டியது கதையின் உள்விசைதான். அது இல்லாத இடத்தில் வேகம் குறைகிறது என்றால், உங்கள் மனம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. வாசகராக அது சரியாகத்தான் வேலை செய்கிறது.

சோதனை இது. நின்ற இடத்துக்கு முந்தைய ஆறு காட்சிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி: இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும்? இரண்டாவது: காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது? ஒரு மகள், இறந்துபோன அப்பா யாருக்கெல்லாம் கடன்பட்டிருந்தார் என்று தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அத்தையிடம் கேட்கிறாள், தெரியவில்லை. அப்பாவின் நண்பரிடம் கேட்கிறாள், அவர் மழுப்புகிறார். பழைய கூட்டாளியிடம் போகிறாள், வீடு பூட்டியிருக்கிறது. மூன்று சீட்டிலும் இரண்டாவது வரி ஒன்றே: எதுவும் மாறவில்லை. உரையாடல்கள் அழகாக இருந்திருக்கலாம், ஆனால் மகள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள், அதனால் நீங்களும் நிற்கிறீர்கள்.

சீட்டு இப்படிக் காட்டினால் நான்கு வழிகளை முயன்று பாருங்கள். நான் இந்த வரிசையில்தான் போவேன்.

முதலாவது, கடைசிக்கு என்று பத்திரமாக வைத்திருக்கும் ரகசியத்தை இப்போதே உடைப்பது. இதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. என் இரண்டாவது நாவல் 19ஆவது காட்சியில் நின்று நான்கு மாதம் கிடந்தது. முடிவில் தெரியவேண்டிய ஒரு கடிதத்தை 20ஆவது காட்சியிலேயே கதாநாயகியின் கையில் கொடுத்தேன். முடிவுக்கு எதுவும் மிச்சமில்லையே என்று பயந்தேன். ஆனால் கடிதத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்ற கேள்வி, கடிதம் எங்கே என்ற கேள்வியைவிடப் பெரிதாக இருந்தது. மீதி நாவல் அதிலிருந்துதான் வந்தது. மறைப்பதற்காகவே கதையை நீட்டிக்கொண்டிருக்கிறோமா என்று ஒருமுறை நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் இந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று ஒரு பக்கம் எழுதுவது. மழுப்பிய நண்பர் மகள் போன பிறகு யாருக்குப் போன் செய்தார்? இந்தப் பக்கம் நாவலில் வர வேண்டியதில்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை என்று தெரிந்ததும் அடுத்த காட்சி தானாகவே கனம் பெறும்.

மூன்றாவது, திரும்பிப் போவது. நோட்டில் ‘நன்றாக வந்தது’ என்று கடைசியாக எந்தக் காட்சிக்கு எழுதியிருக்கிறீர்கள்? அதற்கு அடுத்த காட்சியில் ஒரு முடிவு எடுத்திருப்பீர்கள்: அவள் போகிறாள், அவன் மன்னிக்கிறான், ஏதோ ஒன்று. பாதை பிரிந்தது அங்கேதானா என்று பாருங்கள். பிரிந்திருந்தால் அதற்குப் பின் எழுதியதை வேறொரு ஃபைலுக்கு மாற்றிவிட்டு, எதிர்த் திசையில் எழுதுங்கள். அழிக்க வேண்டாம். மாற்றிய சொற்களை ‘வெட்டியது’ கட்டத்தில் போடுங்கள். அந்த உழைப்பு இல்லாமல் இந்த வழி கண்ணில் பட்டிருக்காது.

நான்காவது, உண்மையிலேயே தகவல் இல்லாமல் நிற்கிறீர்களா என்று பார்ப்பது. நீதிமன்ற நடைமுறை தெரியாது, அறுவை சிகிச்சை எப்படி நடக்கும் என்று தெரியாது. அந்த இடத்தில் தேடத் தொடங்கினால் அன்றைய எழுத்து போய்விடும். ‘இங்கே வக்கீல் ஏதோ மனு போடுகிறார்’ என்று கட்டம் கட்டி எழுதிவிட்டுத் தாண்டுங்கள். தேடலுக்கு வாரத்தில் தனியாக ஒரு வேளை.

நான்கும் பலிக்கவில்லை என்றால் வரிசையை விட்டுவிட்டு, நீங்கள் எழுத ஏங்கும் ஏதாவது ஒரு பின்காட்சியை எழுதுங்கள். இரண்டு கரைக்கும் நடுவே பாலம் கட்டுவது, ஒரே கரையிலிருந்து இருட்டுக்குள் கட்டுவதைவிட எளிது.

அறிகுறி: வைத்த இலக்கை ஒருநாள்கூட எட்ட முடியவில்லை

இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது இலக்கைத்தான். ‘ஒரு நாளைக்கு ஆயிரம் சொல்’, ‘ஒரு நாளைக்கு இரண்டாயிரம் சொல்’ என்று நாம் கேள்விப்படும் எண்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுபவர்களின் கணக்கு. 1999இல் தொடங்கிய நானோரைமோ என்ற நாவல் எழுதும் சவால், நவம்பர் மாதத்தின் 30 நாளில் 50,000 சொல் எழுதச் சொன்னது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,667. அதுவும் ஆங்கிலத்தை வைத்துப் போட்ட கணக்கே.

தமிழில் ஒரு சொல் சுமக்கும் பாரம் வேறு. “வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தான்” என்பது நமக்கு இரண்டு சொல். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல் வேண்டும். வேற்றுமை உருபும் துணைவினையும் நம் மொழியில் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. அதையே ‘வந்து கொண்டிருந்தான்’ என்று பிரித்து எழுதினால் கணக்கில் ஒரு சொல் கூடிவிடும், கதை ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்காது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதுபவரின் ஆயிரத்தையும் உங்கள் அறுநூறையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். அவருடையதைவிட உங்கள் பக்கத்தில் கதை அதிகமாகவே நகர்ந்திருக்கலாம்.

எழுத்து எண்ணிக்கையை நம்பலாமா என்றால், அதுவும் ஏமாற்றும். ‘தமிழ்’ என்பதில் நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையின் கணக்கில் ஐந்து குறியீடுகள், ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். எந்த அலகை எடுத்தாலும் பரவாயில்லை, அதை நடுவில் மாற்றாதீர்கள், மற்றவரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

உங்கள் இலக்கை உங்கள் நோட்டிலிருந்தே எடுங்கள். ஐந்து நாள், எந்த இலக்கும் வைக்காமல், ஒரு நாளைக்கு 45 நிமிடம் எழுதுங்கள். 210, 720, 300, 260, 340 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுங்கள்: 300. சராசரி எடுத்தால் அந்த ஒரு 720 எல்லாவற்றையும் மேலே தூக்கிவிடும், பிறகு தினமும் தோற்பீர்கள். இலக்கை 300க்கும் கொஞ்சம் கீழே, 250 என்று வையுங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 1,250. ஐம்பதாயிரம் சொல் நாவலுக்கு 40 வாரம்.

அந்த 40ஐயும் அப்படியே நம்பாதீர்கள். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதியது நினைவில் இருக்கட்டும்: ஒரு வேலை எவ்வளவு நாள் பிடிக்கும் என்று மதிப்பிடும்போது எல்லாம் திட்டப்படி நடக்கும் என்றே நம் மனம் கணக்குப் போடுகிறது. காய்ச்சல், விருந்தாளி, அலுவலக நெருக்கடி, நடுவில் நின்றுபோகும் அந்த ஒரு மாதம் எல்லாம் சேர்த்து ஒரு வருடம் என்று எழுதிவையுங்கள். இலக்கை நாளுக்கு வைக்காமல் வாரத்துக்கு வைப்பதும் நல்லது. ஒரு நாள் விழுந்தாலும் வாரம் நிமிர்ந்து நிற்கும்.

அறிகுறி: எண் ஏறுகிறது, கதை நகரவில்லை

முந்தையதற்கு நேர் எதிர். நோட்டைப் பார்த்தால் பெருமையாக இருக்கும், எழுதியதைப் படித்தால் பாத்திரங்கள் கதவைத் திறக்கிறார்கள், உட்காருகிறார்கள், வானத்தைப் பார்க்கிறார்கள், எழுந்து போகிறார்கள்.

பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் நாணயக் கொள்கை பற்றிச் சொன்னதன் சாரம் இங்கேயும் பொருந்தும்: ஓர் அளவையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. சொல்லை எண்ணினால் சொல் பெருகும். ஒரு மாதத்துக்குச் சொல் கட்டத்தைக் காலியாக விட்டு, காட்சிகளை மட்டும் எண்ணுங்கள். வாரத்துக்கு இரண்டு காட்சி. ‘எது மாறியது’ என்று ஒரு வரி எழுத முடிந்தால் மட்டுமே அது கணக்கில் சேரும்.

அறிகுறி: ஒரு வாரம் விட்டுப்போனது, அதோடு நின்றது

வழக்கம் உடைவதைவிட, விட்டதைப் பிடிக்கப் பார்ப்பதுதான் அதிகம் கெடுக்கிறது. ஏழு நாளில் விட்ட 1,750 சொல்லை இந்த ஞாயிற்றுக்கிழமை சேர்த்து எழுதிவிடலாம் என்று நினைப்போம். ஞாயிற்றுக்கிழமை வரும், அந்த எண்ணைப் பார்த்ததும் மேசைப் பக்கம் போக மாட்டோம். இப்போது பாக்கி எட்டு நாள்.

பாக்கியை ரத்து செய்யுங்கள். நோட்டில் ஒரு கோடு இழுத்து, கீழே இன்றைய தேதி. மீதமுள்ள வேலையை மீதமுள்ள வாரங்களுக்குப் புதிதாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது முடியும் தேதியைத் தள்ளிவையுங்கள்.

திரும்ப வரும் நாளில் புதிதாக எழுத வேண்டாம். கடைசி இரண்டு காட்சியை மட்டும் படித்து, கடைசிப் பக்கத்தை மீண்டும் டைப் செய்யுங்கள், அல்லது கையால் எழுதுங்கள். கண்ணால் படிப்பதைவிட இது வேகமாக உள்ளே இறக்கும். அந்தப் பாத்திரங்களின் பேச்சு திரும்ப விரலுக்கு வரும். பெரும்பாலும் பக்கம் முடிந்தும் கை நிற்காது. தொடக்கத்திலிருந்து முழு நாவலையும் படிக்கத் தொடங்கினால் இரண்டாவது அறிகுறியில் போய் மாட்டுவீர்கள்.

அறிகுறி: எழுதியதெல்லாம் குப்பையாகத் தெரிகிறது

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1938ஆம் ஆண்டு மே இறுதியிலிருந்து அக்டோபர் வரை, ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை எழுதிய மாதங்களில், பக்கத்தில் ஒரு வேலை டைரியும் வைத்திருந்தார். அன்றைய வேலை எவ்வளவு, வெளியே என்ன தொந்தரவு, எல்லாம் அதில் இருக்கும். தான் எழுத்தாளனே இல்லை, தன்னையும் பிறரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற அளவுக்கு அந்தப் பக்கங்களில் சந்தேகப்பட்டிருக்கிறார். அந்த நாவலுக்கு 1940இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. எழுதும் நாளில் நமக்குத் தோன்றும் மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. சந்தேகத்தை அவர் டைரியில் இறக்கிவைத்துவிட்டு அன்றைய பக்கத்தை எழுதப் போனார். நாமும் அதைச் செய்யலாம்: நோட்டில் ‘இன்று எல்லாம் மோசம்’ என்று எழுதுங்கள், பிறகு எழுதுங்கள்.

இரண்டு மாதம் கழித்து ‘மோசம்’ என்று குறித்த ஒரு நாளின் பக்கத்தையும் ‘நன்று’ என்று குறித்த ஒரு நாளின் பக்கத்தையும், தேதியை மறைத்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். எது எந்த நாள் என்று பல நேரம் எனக்குக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாவல் மட்டுமில்லாமல், முன்பு பிடித்த எதுவுமே வாரக் கணக்கில் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் இந்தப் பட்டியலில் தேடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். நாவல் காத்திருக்கும்.

அறிகுறி: வேறொரு புதுக் கதை கூப்பிடுகிறது

நடுப்பகுதியில் தவறாமல் வரும். புதுக் கதையில் இன்னும் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதால் அது பளபளக்கிறது. அரை மணி நேரம் கொடுத்து, தெரிந்ததை எல்லாம் ஒரு ஃபைலில் கொட்டி, தேதி போட்டு மூடுங்கள்.

அறிகுறி: ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன், அதோடு நின்றது

அவர் பாராட்டியிருந்தாலும் இது நடக்கும். பாதி வரைவை இனி யாருக்கும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கேட்டுவிட்ட கருத்துகளை நோட்டின் பின்பக்கத்துத் திருத்தப் பட்டியலுக்கு அனுப்பிவிட்டு, அவருக்குத் தெரியாத ஒரு காட்சியிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: எழுதாவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை

பத்திரிகைத் தொடர்கதை எழுதியவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு ஆசிரியர் காத்திருந்தார். உங்களுக்கு யாரும் இல்லை, அந்தத் தனிமை நிஜமானது. பிரதியைப் படிக்காமல் கணக்கை மட்டும் கேட்கும் ஒருவரைத் தேடுங்கள். வெள்ளிக்கிழமை இரவு அவருக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி: “இந்த வாரம் இரண்டு காட்சி, 1,100 சொல்.” அவரும் தன் வேலையைப் பற்றி ஒரு வரி அனுப்பட்டும், அவர் நாவல் எழுதுபவராக இருக்க வேண்டியதில்லை. எழுதாத வாரத்திலும் ‘பூஜ்யம்’ என்று அனுப்ப வேண்டும் என்பது மட்டும் ஒப்பந்தம். அந்தச் செய்தியை அனுப்பாமல் விட்ட வாரங்களில்தான் நான் காணாமல் போயிருக்கிறேன்.

அறிகுறி: முடிவு நெருங்க நெருங்க வேகம் குறைகிறது

இன்னும் ஐந்தே காட்சி. என்ன நடக்கும் என்றும் தெரியும். ஆனாலும் வாரத்துக்கு ஒரு பக்கம்கூட வரவில்லை. திடீரென்று அலமாரியை அடுக்கத் தோன்றும், எழுத்துருவை மாற்றத் தோன்றும்.

முடியாதவரை இது மனதில் இருந்த அந்த நாவலாகவே இருக்கும். முடித்த கணத்தில் கையில் இருக்கும் நாவலாகிவிடும். அந்த இழப்பைத் தள்ளிப்போடுகிறோம். கூடவே, இந்த மனிதர்களோடு இவ்வளவு நாள் வாழ்ந்துவிட்டுப் பிரிய மனம் வராது. இதில் கதைக் கோளாறு எதுவும் இல்லாததால், நடுவில் நின்றதற்குச் சொன்னதுபோல் சீட்டு எழுதிப் பயனில்லை.

எனக்கு உதவியது, முடிவை மோசமாக எழுத அனுமதி எடுத்துக்கொண்டது. ஐந்து காட்சியையும் காட்சிக்கு அரைப் பக்கமாக, வர்ணனை இல்லாமல், யார் என்ன செய்தார்கள், என்ன பேசினார்கள் என்று மட்டும் ஒரே உட்காரலில் எழுதிவிடுங்கள். கடைசி வாக்கியம் தெரியாவிட்டால் ‘இங்கே அவள் கதவைச் சாத்துகிறாள்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வையுங்கள். இப்போது உங்களிடம் முடிவுள்ள ஒரு வரைவு இருக்கிறது. அந்த அரைப் பக்கங்களை ஒவ்வொன்றாக விரிப்பது வேறு வகை வேலை, அதில் இந்தத் தயக்கம் வருவதில்லை.

முடித்த அன்று நோட்டில் தேதி போட்டு, மொத்தச் சொல், மொத்த நாள், வெட்டிய சொல் மூன்றையும் கூட்டி எழுதுங்கள். ஃபைலை இன்னோர் இடத்தில் பிரதி எடுத்துவைத்து, குறைந்தது ஒரு மாதம் திறக்காமல் இருங்கள். திருத்தப் பட்டியலை மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அந்த மாதம் முழுக்க அதில் வரிகள் கூடிக்கொண்டே போகும்.